காசு கூடக் கொடுத்து வாங்கிய ஈயம்

பிரீமியம் பெட்ரோல் போட்டதும் வண்டி திணறுதுன்னு யாராவது சொன்னா நாம நம்புறதில்லை. ஆனா நூறு வருஷம் முன்னாடி அது நிஜமாவே நடந்துச்சு.

1921, அமெரிக்காவின் டேட்டன் நகரம். அப்போ கார்களுக்குப் பெரிய தலைவலி 'நாக்கிங்'. பெட்ரோல் சிலிண்டருக்குள்ள நேரம் தவறித் தானாகப் பற்றிக்கொள்ளும். இன்ஜின் 'டக் டக்'னு தட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி அதுக்கு மருந்து கண்டுபிடிச்சார்: டெட்ராஎத்தில் ஈயம். கொஞ்சம் கலந்தாலே தட்டல் நின்னுடும். 1923-ல் 'எத்தில்' என்ற பெயரில், கூடுதல் விலையில், அதே ஊரில் விற்பனைக்கு வந்தது.

அங்கேதான் சிக்கல். எரிஞ்ச ஈயம் ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் படிஞ்சுது. பிளக் சரியா பொறி விடாது. இன்ஜின் விட்டுவிட்டு ஓடும். தீர்வா எத்திலீன் டைபுரோமைடு சேர்த்தாங்க. அது ஈயத்தைப் புகையோட வெளியே தள்ளிடும். இன்ஜின் சுத்தம்!

வெளியே போன ஈயம்? தெருவுக்கு, குழந்தைகளோட ரத்தத்துக்கு. 1924-லேயே நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தாங்க. விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்திட்டு, 1926-ல் மறுபடி தொடங்கிட்டாங்க. கார்களுக்கான ஈயப் பெட்ரோலுக்கு இந்தியா விடை கொடுத்தது 2000-ல். கடைசியா அல்ஜீரியா, 2021-ல்.

இன்றைய பிரீமியத்தில் ஈயம் கலக்கிறதில்லை. ஆக்டேன் அதிகமா இருக்கிறதால மட்டும் வண்டி திணறாது, பிளக்கைப் பாருங்க. ஆனா 'இன்ஜின் சுத்தமாகும்'னு யாராவது எதையாவது விற்றா, அந்த அழுக்கு எங்கே போகுதுன்னும் கேளுங்க.