கிளைச் செயலாளரும் மாவட்டச் செயலாளரும்: திராவிடக் கட்சிகளில் தலைமைத் தேர்வு, 1949–2023

2022 ஜூலை 11 அன்று சென்னையை அடுத்த வானகரத்தில் கூடிய அஇஅதிமுக பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட விரும்புவோருக்குப் புதிய தகுதிகளை வகுத்தது. 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும்; வேறு 10 மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும்; தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டுகள் இருந்திருக்க வேண்டும். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்ற, எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் விதி அப்படியே இருந்தது. ஆனால் அந்த உறுப்பினர்கள் முன் யார் பெயர் வரலாம் என்பதை முடிவு செய்யும் கையெழுத்து மாவட்டச் செயலாளர்களிடம் போய்விட்டது.

ஒரு நாள் கூட்டத்தில் திடீரென்று நடந்த மாற்றம் அன்று இது. 1949இல் திமுக தொடங்கியதிலிருந்து இரு கழகங்களுக்குள்ளும் மெல்ல மெல்ல நடந்துவந்த ஒரு நகர்வு, அன்றுதான் முதன்முறையாக விதிப் புத்தகத்தில் ஏறியது. அந்த நகர்வைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திராவிட இயக்கத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1965இலும் மார்கரீட் ராஸ் பார்னெட் 1976இலும் எழுதிய நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. 1999இல் வெளிவந்த நரேந்திர சுப்பிரமணியனின் நூல், இக்கட்சிகளின் அமைப்புக்குள் இருந்த பன்மையே பல சமூகக் குழுக்களுக்கு இடம் கொடுத்தது என்று வாதிடுகிறது. எனக்கும் அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். என்றாலும் கொள்கை, தலைவர், தொண்டர் என்ற மூன்றைச் சுற்றியே இந்த ஆய்வுகள் பெரிதும் சுழல்கின்றன. தலைவருக்கும் தொண்டருக்கும் நடுவே நிற்கிற மாவட்டச் செயலாளர்மீது போதிய வெளிச்சம் விழவில்லை. கட்சிக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்.

காலி நாற்காலியும் படிப்பகமும்

1949 செப்டம்பர் 17 அன்று சென்னை பவளக்காரத் தெருவில் கூடி முடிவெடுத்தவர்கள், மறுநாள் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திமுகவை அறிவித்தார்கள். தலைவர் பதவி பெரியாருக்கென்று காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். பெரியார்மீதான மரியாதை என்றே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அமைப்பு நோக்கில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கேள்விக்கு இடமில்லாத ஒற்றைத் தலைமையிலிருந்து பிரிந்து வந்தவர்கள், தங்கள் கட்சியை அவைத்தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகளாகப் பிரித்துக் கட்டினார்கள். கிளையிலும் அதே அமைப்புதான். நாலு தெரு கொண்ட ஊரிலும் ஓர் அவைத்தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், மேல் அமைப்புக்குப் போகும் பிரதிநிதிகள்.

அந்தக் கிளை எங்கே வாழ்ந்தது? முடிதிருத்தகத்தில், சைக்கிள் கடையில், ஓலைக் கொட்டகைப் படிப்பகத்தில். ‘திராவிட நாடு’, ‘முரசொலி’, ‘மன்றம்’ போன்ற ஏடுகள் வந்தால் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அரசாங்கத்திலிருந்து பெற்றுத் தர அப்போது எதுவும் இல்லை. பேச்சாளரை அழைத்துவருவது, மேடை போடுவது, உண்டியல் குலுக்குவது, கொடிக்கம்பம் நடுவது ஆகியவையே கிளைச் செயலாளரின் வேலை. கையில் பதவி இல்லாத காலம் என்பதால், ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு முழுவதும் அவரே ஈட்டியது. மாவட்டச் செயலாளர் அவருக்கு மூத்த தோழர், எஜமானர் அல்லர்.

1956 மே மாதம் திருச்சியில் நடந்த மாநில மாநாடு இந்தக் காலத்தின் உச்சம். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற கேள்வியைத் தலைமை தானே தீர்த்துக்கொள்ளாமல் மாநாட்டில் கூடியவர்களிடம் விட்டது. பெட்டி வைத்து வாக்கெடுத்தார்கள். நிற்கலாம் என்று 56,000க்கும் மேற்பட்டோரும், வேண்டாம் என்று 4,000க்குச் சற்று அதிகமானோரும் வாக்களித்தார்கள். முடிவு எதிர்பார்த்ததுதான். ஆனால் கேட்டார்கள் என்பதே பெரிது. அதே மாநாட்டில் அண்ணா பொதுச்செயலாளர் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்து விலகினார். செல்வாக்கின் உச்சியில் இருந்த ஒருவர் தன் நாற்காலியைத் தானே இன்னொருவருக்குக் கொடுத்த நிகழ்வு, பின்னர் வந்த எழுபது ஆண்டுத் தமிழக அரசியலில் எனக்குத் தெரிந்து இரு கழகங்களிலும் இந்த அளவில் நடக்கவில்லை.

விரிசல் இல்லாமலும் இல்லை. 1960இல் அண்ணா மீண்டும் பொதுச்செயலாளர் ஆனார். 1961 ஏப்ரலில் ஈ.வெ.கி. சம்பத் வெளியேறி தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். திரைப்படக் கவர்ச்சி கட்சியை ஆள்கிறது என்பது அவர் தரப்பின் முக்கியமான குறை. அந்தக் கட்சி நிலைக்கவில்லை. குறையோ அதற்குப் பின்னும் பல பிளவுகளில் வேறு வேறு உருவில் ஒலித்தது.

ஆட்சி வந்த பின்

1957இல் 15, 1962இல் 50, 1967இல் 137 என்று சட்டமன்ற இடங்கள் ஏறின. 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் திரட்டித் தரும் பொறுப்பை ஏற்ற கருணாநிதி 11 லட்சம் சேர்த்துக் கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் சைதாப்பேட்டை வேட்பாளரை அறிவிக்கும்போது அண்ணா அந்தத் தொகையையே அவர் பெயராகச் சொன்னார். பணம் திரட்டும் திறனும் மாவட்டம்தோறும் ஆட்களை அறிந்து வைத்திருப்பதும் தலைமைத் தகுதியாக வெளிப்படையாக ஏற்கப்பட்ட தருணம் அது. அந்தப் பணத்தை ஊர் ஊராகச் சேர்த்தவர்கள் கிளைக்காரர்கள். திரட்டி மேலே கொடுத்தவர்கள் மாவட்டச் செயலாளர்கள்.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். இடைக்கால முதல்வராக இருந்த நெடுஞ்செழியன் பொறுப்பு வரிசையில் மூத்தவர். சட்டமன்ற உறுப்பினர்களிடையே ஆதரவு பெற்று முதல்வரானவர் கருணாநிதி. ஜூலை மாதம் பொதுக்குழு, இருபதாண்டுகள் காலியாக வைத்திருந்த தலைவர் பதவியை நிரப்பியது. கருணாநிதி தலைவர், நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர், எம்.ஜி.ஆர். பொருளாளர். சமரசமாக வந்த ஏற்பாடுதான். ஆனால் பொதுச்செயலாளரை மையமாகக் கொண்ட கட்சி அன்றோடு தலைவரை மையமாகக் கொண்ட கட்சியாக மாறியது. தஞ்சையில் மன்னை நாராயணசாமி, திருச்சியில் அன்பில் தர்மலிங்கம் போன்றோரின் பெயரும் அவர்கள் மாவட்டத்தின் பெயரும் ஒன்றாகவே சொல்லப்படும் காலம் பிறந்தது. பிற்காலத்தில் பத்திரிகைகள் இவர்களைப் போன்றோருக்கு வைத்த பெயர் ‘குறுநில மன்னர்கள்’.

மாவட்டச் செயலாளர் ஏன் இவ்வளவு வளர்ந்தார்? ஆட்சி கைக்கு வந்ததும் கூட்டுறவுச் சங்கம், ரேஷன் கடை, இடமாற்றம், ஒப்பந்தம் என்று ஊரின் தேவைகள் அனைத்தும் கட்சி வழியே கோட்டைக்குப் போகத் தொடங்கின. அந்த வழியில் நின்றவர் அவர். இது பலரும் சொல்லும் காரணம். இதைவிட ஆழமாக வேலை செய்தது வேறொன்று என்று நான் கருதுகிறேன்: உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் போனது. 1970க்குப் பின் தமிழகத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986இல்; அதற்கடுத்து 1996இல். சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமல் இருந்தது. 1959இல் அதே மாநகராட்சியை வென்றுதான் திமுக ஆட்சிப் பழக்கம் பெற்றது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கிளைச் செயலாளர் தன் செல்வாக்கைத் தானே நிரூபிக்கும் இடம் உள்ளாட்சித் தேர்தல். ஊராட்சி வார்டில் ஜெயித்துவிட்டால், ‘எனக்கு ஊர் ஓட்டுப் போட்டிருக்கிறது’ என்று ஒன்றியச் செயலாளரிடமும் மாவட்டச் செயலாளரிடமும் நிமிர்ந்து பேசலாம். அந்தத் தேர்தல் இல்லாத பதினாறு ஆண்டுகளில் கட்சிக்குள் மேலே ஏற அவருக்கு மிஞ்சிய ஒரே வழி மேலிருப்பவரின் தயவு. ஒரு தலைமுறை உழைப்பாளிகள் இப்படித்தான் போனார்கள். கொடிக்கம்பத்துக் கல்வெட்டில் மட்டும் பெயர் நிற்கும் மனிதர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். கட்சி வரலாறுகளில் அவர்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

விதியில் எழுதிய வாக்கு

1972 அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில், கட்சியின் பொருளாளராக இருந்துகொண்டே எம்.ஜி.ஆர். அமைச்சர்கள் முதல் கிளை, வட்டச் செயலாளர்கள் வரை சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். சில நாட்களில் நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அதிமுக பிறந்தது. ரசிகர் மன்றங்கள் கிளைக் கழகங்களாக மாறின. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றபோது அந்த மாற்றத்தின் பலம் தெரிந்தது.

புதிய கட்சி தன் பொதுச்செயலாளரைப் பொதுக்குழுவிடம் விடாமல் அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. மற்ற விதிகளைப் பொதுக்குழு திருத்தலாம், இதைத் திருத்தக் கூடாது என்றும் சேர்த்தது. இந்தியக் கட்சிகளில் இப்படி ஒரு விதி அரிது. பிரிவதற்கு முந்தைய அனுபவமே இதன் ஊற்று என்று தோன்றுகிறது. பொதுக்குழுவும் செயற்குழுவும் சேர்ந்து தொண்டர் விரும்பும் ஒருவரை வெளியேற்றிவிட முடியும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எழுதிய விதி அது.

நடைமுறை வேறாகப் போயிற்று. நெடுஞ்செழியன், ப.உ. சண்முகம், ராகவானந்தம் என்று பொதுச்செயலாளர் பதவியில் வேறு சிலர் அமர்ந்தபோதும் கட்சி எம்.ஜி.ஆர். சொல்லில்தான் நடந்தது. 1989 முதல் ஜெயலலிதா மீண்டும் மீண்டும் போட்டியின்றித் தேர்வானார். அவர் காலத்தில் மாவட்டச் செயலாளர் எவரும் வேர்விட முடியவில்லை. காலையில் பொறுப்பில் இருப்பவர் மாலை அறிவிப்பில் விடுவிக்கப்படுவார்; அன்றிரவே ஊரில் சுவரொட்டி மாறும். திமுகவிலோ இதற்கு நேர்மாறு. இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே கையில் மாவட்டம். அந்தக் கைக்குப் பின் பல இடங்களில் மகன் கை.

இரண்டில் எது தொண்டருக்கு நல்லது என்றால், இரண்டுமே அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் என் பதில். திமுகவில் உட்கட்சித் தேர்தல் முறையாகவே அறிவிக்கப்படுகிறது. கிளையிலிருந்து ஊராட்சி, ஒன்றியம், நகரம், பகுதி, மாவட்டம் என்று படிப்படியாக ஏறுகிறது. ஆனால் உறுப்பினர் சேர்க்கைப் படிவப் புத்தகம் முதலில் யார் கைக்கு வருகிறது, இரண்டு பேர் மனுப் போட்டால் யாரை அழைத்துப் பேசி விலகச் சொல்கிறார்கள் என்பதில்தான் முடிவு இருக்கிறது. வாக்குப்பெட்டி வரும் முன்பே ‘ஒருமனதாக’ என்று மினிட் புத்தகத்தில் ஏறிவிடும். ஊரில் வைக்கும் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்தாலே கணக்குத் தெரியும்: மேலே மறைந்த தலைவர்கள், நடுவில் தலைவர், அவருக்குச் சமீபமாகப் பெரிய அளவில் மாவட்டம், கீழே விரற்கடை அளவில் வரிசையாகக் கிளைக்காரர்கள். பேனருக்குக் காசு கொடுத்தவர்கள் கீழ்வரிசையில் இருப்பவர்கள்.

1993இல் வைகோ நீக்கப்பட்டபோது மாவட்டச் செயலாளர்கள் பலர் அவருடன் போனார்கள். நாங்களே உண்மையான திமுக என்று தேர்தல் ஆணையத்தில் வாதாடவும் முடிந்தது. மாவட்டங்கள் போதுமான அளவு பிரியாததால் உதயசூரியன் கருணாநிதியிடமே நின்றது. 1994இல் மதிமுக பிறந்தது.

சட்டம் யாரை எண்ணுகிறது

கட்சி பிளந்தால் சின்னம் யாருக்கு என்பதை 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை தீர்க்கிறது. காங்கிரஸ் பிளவு பற்றிய சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971இல் பெரும்பான்மை அளவுகோலை ஏற்றது. எண்ணப்படுபவர்கள் மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி அமைப்பின் மேல்மட்டப் பிரதிநிதிகளும். அடிப்படை உறுப்பினரை எண்ணுவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது புரிந்துகொள்ளத் தக்கதே. விளைவு என்னவென்றால், பொதுக்குழுவைக் கையில் வைத்திருப்பவரே கட்சியை வைத்திருப்பவர் ஆகிறார். பொதுக்குழுவை நிரப்புவது மாவட்டம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பின்னர் சேர்ந்த 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. உள்ளே தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தபின் இவை அனைத்தும் ஒரே கட்சியில் வரிசையாக அரங்கேறின. டிசம்பர் 29 அன்று பொதுக்குழு சசிகலாவைப் பொதுச்செயலாளராக்கியது. 2017 செப்டம்பர் 12 அன்று மற்றொரு பொதுக்குழு அந்த நியமனத்தை நீக்கி ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரட்டைப் பதவிகளை உண்டாக்கியது. நவம்பரில் தேர்தல் ஆணையம் இரட்டை இலைச் சின்னத்தை அந்தப் பதவிகளில் இருந்தோர் தரப்புக்கு அளித்தபோது எண்ணியது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களையும் பொதுக்குழு உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்களையும்தான். 2021 டிசம்பரில் அந்த இரு பதவிகளையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒற்றை வாக்கால் தேர்ந்தெடுப்பார்கள் என்று விதி திருத்தப்பட்டது. ஏழு மாதத்தில் அந்தப் பதவிகளே போயின.

வானகரம் பொதுக்குழுவை எதிர்த்து, ஒருங்கிணைப்பாளராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் தொடுத்த வழக்கில், ஒன்றரைக் கோடி உறுப்பினர்களின் விருப்பத்தைச் சுமார் 2,600 பேர் கொண்ட பொதுக்குழு பிரதிபலிக்கிறதா என்ற கேள்வி நேரடியாகவே எழுந்தது. 2022 ஆகஸ்ட் 17 அன்று தனி நீதிபதி பழைய நிலை தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. மார்ச் மாதம் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவிக்கப்பட்டது. களத்தில் எடப்பாடி பழனிசாமி மட்டுமே நின்றார். மார்ச் 28 அன்று தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஒன்றரைக் கோடிப் பேரில் ஒருவரும் வாக்குச்சீட்டைத் தொடத் தேவைப்படவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2022 அக்டோபர் 9 அன்று, திமுக பொதுக்குழு மு.க. ஸ்டாலினைப் போட்டியின்றி மீண்டும் தலைவராக்கியிருந்தது. அந்த உட்கட்சித் தேர்தலின்போது திமுகவின் அமைப்பு மாவட்டங்கள் 72. வருவாய் மாவட்டங்களோ 38. மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் பல செயலாளர்களை உண்டாக்குவது குறுநில மன்னர்களின் எல்லையைச் சுருக்கத் தலைமை கண்ட வழி. கிளைக்காரருக்கு அதனால் மாவட்டச் செயலாளர் வீடு சற்று அருகில் வந்தது. அவரிடம் தயவு கேட்டு நிற்க வேண்டிய நிலை மாறவில்லை.

அந்த நிலையை மாற்றும் ஆற்றல் 1996க்குப் பின் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓரளவு இருந்தது. அதுவும் 2016இல் வழக்குகளில் சிக்கி, ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அந்த ஊராட்சிகளின் நிர்வாகம் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது.