இப்னு சீனாவின் இலக்கணமும் இலண்டன் பேருந்துகளும்

இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் மருத்துவப் பெருநூலின் முதற்பாகத்தில் உடல்நலம் பேணும் முறைகளை விவரிக்கிறார். அங்கே முதலிடம் மருந்துக்கு அன்று. முதலில் உடற்பயிற்சி, அடுத்து உணவு, அதன்பின் உறக்கம் என்பதே அவர் வகுத்த வரிசை. மூச்சு ஆழமாகவும் அடுத்தடுத்தும் எழும்படி நாமே விரும்பிச் செய்யும் அசைவுக்கே அவர் 'ரியாளா' என்று பெயரிடுகிறார். வகுப்பறைக்கும் வீட்டுக்கும் இடையே மெல்ல நடந்துவிட்டு மனநிறைவு கொள்ளும் நம் போன்ற ஆசிரியர்களுக்கு இந்த இலக்கணம் சற்றுக் கடினமானதுதான்!

பயிற்சியை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, பிழைப்புக்கான உழைப்பிலேயே அடங்கிவிடுவது. மற்றொன்று, பயிற்சிக்காகவே செய்வது. மல்யுத்தம், ஓட்டம், அம்பெய்தல், குதிரையேற்றம் முதலியவை இரண்டாம் வகை. கிரேக்க மருத்துவர் காலெனுக்கு இதில் அவர் பட்ட கடன் பெரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் இந்நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

ஆயினும் உழைப்பு இதயத்தைக் காக்கிறதா என்பதை எவரும் எண்ணிக் கணக்கிட்டுப் பார்த்திருக்கவில்லை. அதைச் செய்தவர் ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர். இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஊர் ஒன்று, நிறுவனம் ஒன்று, பேருந்தும் ஒன்று. எனினும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் காலந்தாழ்ந்தும் வந்தது. அஞ்சல் துறையிலும் அப்படியே: கடிதம் சுமந்து நடந்தவர்கள், அமர்ந்து எழுதியவர்களைவிட நலமாக இருந்தனர். 1953-இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது.

பருத்த உடலினர்தாம் ஓட்டுநர் இருக்கையைத் தேடிச் சென்றனரோ என்ற ஐயம் நியாயமானது. மாரிஸே சீருடைப் பதிவேடுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததை 1956-இல் வெளியிட்டார். தம் முடிவுக்கு இடையூறாகக் கூடிய சான்றைத் தாமே தேடி எடுத்து வைத்த அந்த நேர்மை நம் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. பின்னர் அவர் மேசைப்பணி செய்யும் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் தீவிரமாக உடலை வருத்தியவர்களிடம் இதய நோய் குறைவு என 1973-இல் அறிவித்தார். இப்னு சீனாவின் இரண்டாம் வகையும், அந்த 'மூச்சு' நிபந்தனையும் இங்கே நம் நினைவுக்கு வருகின்றன.

உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. எடை தாங்கும் எலும்பு உறுதி பெறுகிறது. நம் பாட்டியர் உரலிலும் அம்மியிலும் முதல் வகையைச் செய்து முடித்தனர். மிக்சியும் கிரைண்டரும் அதை எடுத்துக்கொண்டபின், இரண்டாம் வகைக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோமா? பள்ளிவாசலுக்கு ஐவேளை நடக்கும் வாய்ப்பாவது ஆண்களுக்கு உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். அன்று அன்னையார் முந்தினார்கள். பின்னர், உடல் சதைபிடித்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள்.