ஜான்ஸ்டவுன், பென்சில்வேனியா

ஜான்ஸ்டவுன், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தென்மேற்குப் பகுதியில், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில் மலைகளுக்கு நடுவே அமைந்த சிறிய தொழில் நகரம். கேம்ப்ரியா மாவட்டத்தின் மிகப் பெரிய ஊர் இதுதான் என்றாலும் மாவட்டத் தலைமையிடம் எபென்ஸ்பர்க். இரும்பும் எஃகும் நிலக்கரியும் வளர்த்த ஊர் இது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18,411.

1889 மே 31 அன்று மலைமேல் இருந்த ஏரி உடைந்து 2,209 பேரைப் பலிகொண்ட வெள்ளத்தால்தான் வெளியுலகம் இவ்வூரின் பெயரை அறியும். அந்தப் பேரழிவுக்குப் பிறகும் ஊர் முப்பது ஆண்டுகள் விடாமல் வளர்ந்து, 1920இல் 67,327 பேர் என்ற உச்சத்தைத் தொட்டது. பிற்காலத்தில் ஊரைக் காலி செய்தது ஆலை மூடல். அணையைப் பழுதாக விட்டவர்களும் சரி, ஆலைகளை மூட முடிவெடுத்தவர்களும் சரி, இந்த ஊரில் குடியிருந்தவர்கள் அல்லர். இவ்வூரின் வரலாற்றைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

நில அமைப்பு

கிழக்கிலிருந்து வரும் லிட்டில் கோனமா ஆறும் தெற்கிலிருந்து வரும் ஸ்டோனிகிரீக் ஆறும் ஒன்றுசேரும் கூடுதுறையில் நகரின் மையப்பகுதி இருக்கிறது. சேர்ந்த இரண்டும் கோனமா என்ற பெயரில் லாரல் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு, ஆயிரம் அடிக்கு மேல் ஆழமுள்ள இடுக்கு வழியாக மேற்கே ஓடுகின்றன. அந்த நீர் கிஸ்கிமினிடஸ், அலெகேனி ஆறுகள் வழியே ஒஹாயோ ஆற்றைச் சேர்கிறது.

பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுற்றியுள்ள குன்றுகள் அதற்குமேல் சுவர்போல் எழுகின்றன. சமநிலம் மிகக் குறைவு. ஆலை, இருப்புப்பாதை, கடைத்தெரு, தொழிலாளர் வீடு எல்லாமே ஆற்றங்கரையிலேயே ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. ஆலைக் கழிவையும் மண்ணையும் கொட்டிக் கரையை மேடாக்கி இடம் சேர்த்தார்கள். அதனால் ஆற்றின் அகலம் சுருங்கியது. குன்றுகளிலிருந்த மரங்களும் வெட்டப்பட்டுவிட்டதால், மழை பெய்தால் தண்ணீர் தங்காமல் நேரே ஊருக்குள் இறங்கியது. பெரிய உடைப்பு நேர்வதற்கு முன்பே ஆண்டுதோறும் தெருக்களில் தண்ணீர் ஏறுவது வழக்கமாகியிருந்தது.

அதே குன்றுகள்தான் ஊருக்குச் சோறும் போட்டன. மலைச்சரிவில் நிலக்கரிப் படிவம் வெளியே தெரியும்படி இருந்தது. இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக்கல்லும் பக்கத்திலேயே கிடைத்தன. ஒரு ஊது உலைக்குத் தேவையான அனைத்தும் நடந்துபோகும் தொலைவில் இருந்த இடம் அது.

தொடக்கம்

சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜோசப் ஷாண்ட்ஸ் என்ற விவசாயி 1800இல் இங்கே மனைகளைப் பிரித்து ஊர் அமைத்தார். ஆங்கிலத்தில் அவர் பெயர் ஜோசப் ஜான்ஸ் ஆயிற்று. முதலில் கோனமா என்று அழைக்கப்பட்ட ஊர், 1834இல் அவர் பெயரால் ஜான்ஸ்டவுன் ஆனது.

அதே ஆண்டில்தான் ஊரின் தலையெழுத்தை மாற்றிய போக்குவரத்து வழியும் திறந்தது. பிலடெல்பியாவையும் பிட்ஸ்பர்க்கையும் கால்வாயால் இணைக்க மாநில அரசு முனைந்தபோது, குறுக்கே அலெகேனி மலை நின்றது. படகு மலை ஏறாது. எனவே ஹாலிடேஸ்பர்க் முதல் ஜான்ஸ்டவுன் வரை சுமார் 58 கி.மீ. தொலைவுக்கு இருப்புப்பாதை போட்டு, பத்துச் சாய்தளங்களில் நீராவி எந்திரங்களைக் கொண்டு பெட்டிகளை வடம் கட்டி இழுத்தார்கள். அந்தப் பாதைக்காக ஜான்ஸ்டவுனுக்கு அருகில் 1833இல் முடிக்கப்பட்ட ஸ்டேப்பிள் பெண்ட் சுரங்கமே அமெரிக்காவின் முதல் ரயில் சுரங்கம். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் இந்த வழியே பயணம் செய்தார். 1850களில் பென்சில்வேனியா ரயில்வே மலையைத் தாண்டி நேர்ப்பாதை போட்டதும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தக் கால்வாய்க்குக் கோடையில் தண்ணீர் விடுவதற்காகக் கட்டிய சவுத் ஃபோர்க் அணை மட்டும் கவனிப்பாரின்றி நின்றது.

இரும்பும் எஃகும்

1852இல் கேம்ப்ரியா அயர்ன் கம்பெனி தொடங்கப்பட்டது. நாடெங்கும் ரயில் பாதை போடப்பட்ட காலம் அது. தண்டவாளமே இந்த ஆலையின் முதன்மைச் சரக்கு.

இங்கே நடந்த ஒரு வேலையை நெருங்கிப் பார்ப்பது தகும். அன்றைய உருட்டாலைகளில் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள் இருக்கும். பழுக்கக் காய்ந்த இரும்புப் பாளத்தை அவற்றுக்கு இடையே விட்டால் நசுங்கி நீண்டு மறுபக்கம் வரும். மறுபடி உருட்ட வேண்டுமானால், அதை உருளைக்கு மேலாகத் தூக்கி முன்பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்குள் இரும்பு ஆறிவிடும். ஆறிய இரும்பு உருளையில் வெடித்துப் பிளக்கும். ஆலையின் தலைமை எந்திரவியலாளர் ஜான் ஃபிரிட்ஸ் 1857இல் மூன்று உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பாளம் கீழ் இரண்டுக்கு இடையே ஒருபக்கமாகப் போய், மேல் இரண்டுக்கு இடையே திரும்பி வந்தது. சூடு குறைவதற்குள் வேலை முடிந்தது. வெற்றிகரமாக ஓடிய கையோடு ஆலைக் கட்டடம் தீயில் எரிந்துபோனது. சில வாரங்களில் மீண்டும் எழுப்பி ஓட்டினார்கள். மூன்று உருளை முறை பின்னர் அமெரிக்கத் தண்டவாள ஆலைகள் பலவற்றுக்கும் பரவியது.

உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகாக்கும் சோதனைகளை வில்லியம் கெல்லி 1857-58 காலத்தில் இங்கேதான் நடத்தினார். அமெரிக்காவில் விற்பனைக்கான முதல் எஃகுத் தண்டவாளங்கள் 1867இல் இந்த ஆலையில் உருட்டப்பட்டன. 1871 முதல் கேம்ப்ரியா தானே, காற்றூதும் பெஸ்ஸிமர் முறையில் எஃகு உருக்கியது. பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் ஆலையை நடத்திப் பெயர் பெற்ற பில் ஜோன்ஸ் தொழில் கற்றதும் இங்கேதான். அமெரிக்க எஃகுத் தொழிலுக்குப் பிட்ஸ்பர்க் தலைநகரம் என்றால், அதன் பள்ளிக்கூடம் ஜான்ஸ்டவுன்.

வீடு, கடை, மருத்துவமனை என எல்லாவற்றிலும் கம்பெனியின் கை இருந்தது. பொதுமேலாளர் டேனியல் மோரல் தொழிற்சங்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் மலைமேல் இருந்த அணையைப் பற்றிக் கவலைப்பட்ட சிலரில் அவரும் ஒருவர்.

1889 வெள்ளம்

ஊரிலிருந்து ஆற்றோடு மேலே சுமார் 22 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 450 அடி உயரத்தில் இருந்தது சவுத் ஃபோர்க் அணை. 931 அடி நீளமும் 72 அடி உயரமும் கொண்ட மண் அணை. 1879இல் அதை பெஞ்சமின் ரஃப் என்பவர் வாங்கி, பிட்ஸ்பர்க் செல்வந்தர்களுக்கான மீன்பிடி, வேட்டை மன்றமாக்கினார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக், ஆண்ட்ரூ மெலன் முதலியோர் உறுப்பினர்கள்.

அணையின் அடியில் தண்ணீரை வெளியேற்ற இருந்த இரும்புக் குழாய்களை முன்னமே கழற்றி விற்றிருந்தார்கள்; மன்றம் புதிதாக மதகு வைக்கவில்லை. வண்டி போவதற்காக அணையின் மேற்புறம் தாழ்த்தப்பட்டது. ஏரியில் விட்ட மீன்கள் தப்பிவிடாமலிருக்கக் கலிங்கில் வலைக்கம்பி பொருத்தப்பட்டது. ஆக, ஏரி நிரம்பினால் தண்ணீரைக் குறைக்க வழியே இல்லை. 1880இல் மோரல் தம் ஆலைப் பொறியாளர் ஜான் ஃபுல்டனை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். மதகு இல்லாததையும் கசிவையும் ஃபுல்டன் சுட்டிக்காட்டினார். சீரமைப்புச் செலவில் ஒரு பங்கைத் தாமே தருவதாகவும் மோரல் சொன்னார். ஆபத்து ஒன்றும் இல்லை என்று ரஃப் மறுத்துவிட்டார்.

மே 30 இரவு தொடங்கிய பெருமழையில் ஏரி விளிம்பு வரை ஏறியது. மறுநாள் காலை வேலையாட்கள் அணைமேல் மண்ணைக் கொட்டியும், பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டியும் போராடினர். கலிங்கில் குப்பை அடைத்துக்கொண்டது. கீழே தந்திச் செய்தி போனது. ஆண்டுதோறும் இப்படிப் பொய்யெச்சரிக்கை கேட்டுப் பழகிய ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின் அணை உடைந்தது. சுமார் 2 கோடி டன் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது.

வழியில் மரங்களையும் வீடுகளையும் ரயில் எஞ்சின்களையும் வாரிக்கொண்டு வந்தது வெள்ளம். ஜான் ஹெஸ் என்ற எஞ்சின் ஓட்டுநர் ஊதலைக் கட்டிவைத்து விடாமல் ஊதியபடி எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிவந்ததால் ஈஸ்ட் கோனமாவில் பலர் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர். அடுத்து கோட்டியே கம்பி ஆலை அடித்துச் செல்லப்பட்டு, மைல்கணக்கான முள்கம்பி வெள்ளத்தில் கலந்தது. 4 மணி 7 நிமிடத்துக்கு அது ஜான்ஸ்டவுனை அடைந்தது. பத்து நிமிடத்தில் ஊர் போயிற்று.

கூடுதுறைக்குக் கீழே ரயில்வேயின் கல்பாலம் உடையாமல் நின்றது. வந்த சிதைவெல்லாம் அதில் மோதிக் குவிந்தது. ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பில் மரமும் இரும்பும் பிணமும் உயிரோடிருந்த மனிதர்களும் முள்கம்பியில் பின்னிக் கிடந்தார்கள். மாலையில் அந்தக் குவியல் தீப்பிடித்தது. வெள்ளத்துக்குத் தப்பி அதில் சிக்கியிருந்தவர்களில் பலர் எரிந்து மாண்டனர். 99 குடும்பங்கள் ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்தன. அடையாளம் தெரியாத 777 பேர் கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத கற்களுக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டனர்.

கிளாரா பார்ட்டன் தம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கக் குழுவோடு ஜூன் 5 அன்று வந்து ஐந்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். சங்கம் தொடங்கி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், அதன் பெயரை நாடறியச் செய்தது இந்தப் பணி. நாடெங்கிலுமிருந்து பணமும் பொருளும் குவிந்தன. மன்றம் ஆயிரம் போர்வைகள் அனுப்பியது. இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்குகள் எதிலும் மன்றமோ உறுப்பினர்களோ ஒரு காசு கொடுக்க நேரவில்லை. நடந்தது தெய்வச் செயல் என்றே நீதிமன்றம் கொண்டது. மதகை நீக்கியதும் கலிங்கை அடைத்ததும் மனிதக் கை. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்கிவைப்பவன் அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பாவான் என்ற கோட்பாட்டை அமெரிக்க நீதிமன்றங்கள் பின்னாளில் ஏற்கத் தொடங்கியதற்கு இந்தப் பேரழிவும் ஒரு தூண்டுதல் என்று சட்ட வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். கார்னகி ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டடம் இன்று வெள்ள அருங்காட்சியகம்.

மக்களும் குடியேற்றமும்

1880இல் 8,380 பேர் இருந்த ஊர் 1890இல் 21,805 ஆயிற்று. 1889 இறுதியில் அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள் ஒன்றிணைந்து நகராட்சி ஆனதும் இதற்கு ஒரு காரணம். தொடக்கத்தில் ஜெர்மானியர், வேல்ஸ்காரர், ஐரிஷ்காரர் வந்தனர். பின்னர் ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், குரோவாசியர், ரூசின்கள், இத்தாலியர் திரளாக வந்தார்கள். ஆலைக்கு எதிரே ஆற்றோரமாக இருக்கும் கேம்ப்ரியா சிட்டி என்ற பகுதியில் சில தெருக்களுக்குள்ளேயே ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனித் தேவாலயம் கட்டினர். அங்கே அவரவர் மொழியில் வழிபாடு நடந்தது. 1902 ஜூலை 10 அன்று ரோலிங் மில் சுரங்க வெடிவிபத்தில் மாண்ட 112 பேரில் பெரும்பாலோர் இப்படிக் குடியேறியவர்களே.

முதல் உலகப்போரின்போது ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க ஆலைக்குத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும், பிறகு மெக்சிகோவிலிருந்து தொழிலாளர்களும் அழைத்து வரப்பட்டனர். 1923இல் ரோஸ்டேல் பகுதியில் போலீசாருடன் துப்பாக்கிச் சண்டை நடந்ததும், ஊரில் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்த கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் வெளியேற வேண்டும் என்று மேயர் ஜோசப் காஃபியல் உத்தரவிட்டார். அதற்குச் சட்ட அடிப்படை ஏதும் இல்லை. ஆளுநர் கிஃபர்ட் பின்ஷோ தலையிட்டு விளக்கம் கேட்பதற்குள் பலர் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். வெள்ளத்தை நினைவுகூரும் ஊர் இதையும் அதே அளவுக்கு நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தடுத்த வெள்ளங்கள்

1891இல் வெஸ்ட்மாண்ட் குன்றுக்கு இழுவை ரயில் ஓடத் தொடங்கியது. 896 அடி நீளப் பாதையில் இரண்டு பெட்டிகள் ஒன்றுக்கொன்று எடைகட்டி ஏறி இறங்கும். நூறடிக்கு எழுபது அடிக்கு மேல் ஏற்றம். வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அளவுக்குப் பெட்டி பெரியது. 1936 மார்ச் 17 வெள்ளத்தில் சுமார் 4,000 பேர் இதில் ஏறித் தப்பினர்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ராணுவப் பொறியாளர்கள் ஆற்றங்கரைகளைக் கான்கிரீட் சரிவுகளாக்கினர். இனி வெள்ளமே வராத ஊர் என்று விளம்பரம் செய்யப்பட்டது. நிவாரணத்துக்காக 1936இல் மாநில அரசு மதுவுக்குத் தற்காலிகமாக விதித்த 10 விழுக்காடு வரி, பின்னர் 18 விழுக்காடாக உயர்ந்து இன்றுவரை வசூலாகிறது. இப்போது அது மாநிலத்தின் பொது வருவாயில் சேர்கிறது. 1977 ஜூலை 19 இரவு ஏறத்தாழ 12 அங்குல மழை கொட்டி, லாரல் ரன் உள்ளிட்ட அணைகள் உடைந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆலைகள் மூடியபின்

உள்ளூர்த் தாது தீர்ந்து, சுப்பீரியர் ஏரிப் பகுதியிலிருந்து தாது வரத் தொடங்கியபோதே ஜான்ஸ்டவுனின் இட வசதி குறைந்துவிட்டது. கப்பல் வரும் ஏரிக்கரை ஆலைகளோடு மலைக்குள் இருந்த ஆலை போட்டியிட வேண்டியிருந்தது. டிராம் தண்டவாளம் செய்த ஜான்சன் கம்பெனி 1890களின் நடுவிலேயே ஒஹாயோவின் லொரெய்னுக்கு ஆலையை மாற்றியது அதன் முதல் அறிகுறி. கேம்ப்ரியா 1923இல் பெத்லஹேம் ஸ்டீல் கைக்குப் போனது.

1977 வெள்ளச் சேதத்தைப் பழுதுபார்த்து முழு அளவில் ஓட்டப் பெத்லஹேம் முன்வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1983இல் வேலையின்மை 24 விழுக்காட்டைத் தாண்டியது. நாட்டிலேயே அதுதான் மிக உயர்ந்த அளவு. 1992இல் பெத்லஹேம் முற்றிலும் விலகியது. மக்கள்தொகை 1950இல் 63,232, 1980இல் 35,496, 2000இல் 23,906. ஒரு பகுதியினர் பக்கத்துக் குன்றுகளில் இருந்த புறநகர்களுக்குப் போனார்கள் என்றாலும், மாவட்ட மக்கள்தொகையும் 1940இல் இருந்த 213,459இலிருந்து 2020இல் 133,472 ஆகச் சரிந்திருக்கிறது. போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

ஆலையின் பழைய கட்டடங்கள் 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. அவற்றுள் 1864இல் எழுந்த எண்கோணக் கொல்லுப்பட்டறையில் இப்போது உலோகக் கலைப் பயிற்சி நடக்கிறது. பால் நியூமன் நடித்து 1977இல் வந்த 'ஸ்லாப் ஷாட்' என்ற ஐஸ் ஹாக்கிப் படம் பெரும்பாலும் இவ்வூரில் எடுக்கப்பட்டது. ஆலை மூடப்போகும் ஊர் ஒன்றே அதன் களம். 1974 முதல் 2010 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான் முர்த்தா, பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து ஓரளவு வேலைவாய்ப்பைத் தக்கவைத்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிளையும் இங்கே இயங்குகிறது. இன்று ஊரில் அதிகம் பேருக்கு வேலை தருவது கோனமா மருத்துவமனை; 2014 முதல் அதன் உரிமை, டென்னசி மாநிலத்தில் தலைமையகம் கொண்ட ஒரு தனியார் குழுமத்திடம் இருக்கிறது.