அத்திப்பழம் ஈரலான கதை

பிரெஞ்சில் ஈரலுக்கு ‘ஃபுவா’ என்று பெயர். நம்பிக்கைக்கும் அதே உச்சரிப்பு, ‘ஒரு தடவை’ என்பதில் வரும் தடவைக்கும் அதே உச்சரிப்பு. எழுத்துக்கூட்டு மட்டும்தான் வேறு. புதுச்சேரியில் காலமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த எனக்கு, உடல் உறுப்புகள் பாடத்தில் பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுவது பழகிப்போன விஷயம். அப்போதெல்லாம் அந்தச் சொல்லை அதன் உடன்பிறப்புகளோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். இத்தாலியனில் ஃபேகதோ. ஸ்பானியத்தில் ஈகதோ. போர்ச்சுகீசியத்தில் ஃபீகதூ. ருமேனியத்தில் ஃபிகாத். எல்லாவற்றுக்கும் தாய் ‘ஃபிகாத்தும்’ என்ற இலத்தீன் சொல். அதன் பொருள் ஈரலே அல்ல. ‘அத்திப்பழம் ஊட்டப்பட்டது’ என்பதுதான்.

இலத்தீனில் ஈரலுக்கு முறையான பெயர் ‘இயேகுர்’. வேற்றுமை உருபு ஏறினால் ‘இயேகோரிஸ்’ என்றும் வரும், ‘இயோகினேரிஸ்’ என்றும் வரும். படித்தவனையே தடுமாற வைக்கிற சொல். இது ஏட்டில் இருந்தபோது, ரோமாபுரிச் சமையற்கட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செல்வந்தர்கள் பெருவாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தைத் தின்னக் கொடுத்து ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வாத்தின் ஈரலைப் பெருக்கும் வித்தையை முதலில் கண்டவர் ஸ்கிபியோ மெட்டல்லுஸா, மார்க்குஸ் செயுஸா என்று அந்தக் காலத்திலேயே ஒரு சர்ச்சை இருந்திருக்கிறது. பன்றிக்கு அதைச் செய்தவர் அபிகியுஸ் என்ற போஜனப் பிரியர். காய்ந்த அத்திப்பழமாகத் தின்ன வைத்து, நன்றாகக் கொழுத்ததும், தேன் கலந்த மதுவைக் குடிக்கக் கொடுத்துச் சட்டென்று கொன்றுவிடுவாராம். அந்த வரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும்.

இப்படிக் கிடைத்த ஈரல் ‘இயேகுர் ஃபிகாத்தும்’, அதாவது அத்தி ஊட்டிய ஈரல். கிரேக்கர்களும் இதே பொருளில் ‘ஸிகோட்டோன்’ என்றார்கள். ரோமர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். நாளடைவில் ‘இயேகுர்’ உதிர்ந்தது, அடைமொழி நின்றது. எள்ளின் நெய்யான எண்ணெய், பிறகு தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவானது போல, அத்தியையே கண்டிராத பிராணியின் ஈரலும் ‘ஃபிகாத்தும்’ ஆயிற்று. கிரேக்கத்திலும் இதே கதைதான். இன்றும் அங்கே ஈரலுக்கு ‘ஸிகோட்டி’ என்றே பெயர்.

ஆறாம் நூற்றாண்டில் அந்திமுஸ் என்ற மருத்துவர், ஃபிராங்க் மன்னன் தியூடெரிக்குக்கு உணவு பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பொரித்த பன்றி ஈரல் நோயாளிக்கும் ஆகாது, நல்ல உடம்புக்கும் ஆகாது என்கிறார். ஆசை விடவில்லையென்றால் கீறி, இரும்புக் கம்பி வலையில் வைத்துச் சுட்டுச் சாப்பிடலாம் என்று வழியும் சொல்கிறார். அவர் எழுதும் சொல் ‘ஃபிகாத்தும்’. அங்கே அத்திப்பழத்தின் வாசனையே இல்லை. மருத்துவரே சமையற்காரர் சொல்லுக்கு வந்துவிட்டார்!

அதன் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்தது. ஸ்பானியத்தில் முதலெழுத்து கரைந்துபோனாலும் பழம் ‘ஈகோ’, ஈரல் ‘ஈகதோ’ என்று உறவு இன்னும் காதில் விழுகிறது. பிரெஞ்சில் பழம் ‘ஃபீக்’, ஈரல் ‘ஃபுவா’. சொல்லிக்கொடுத்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. பொருளும் பிரிந்தது. இத்தாலியனில் ஒருவனுக்கு ஈரல் இருக்கிறது என்றால் அவன் தைரியசாலி. பிரெஞ்சில் ஒருவனுக்கு ஈரல்கள் இருக்கின்றன என்று பன்மையில் சொன்னால் நடுநடுங்கிப்போனான் என்று அர்த்தம். ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது ருமேனியம்தான். இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி அடங்கிய தாசியாவை ரோமர்கள் 106இல் கைப்பற்றி, 270களில் விட்டு வெளியேறினார்கள். மற்ற இலத்தீன் நாடுகளோடு தொடர்பு அறுந்த அந்த மூலையிலும் இந்தச் சொல் வழங்குகிறது என்றால், அதற்கு முன்பே இது சாதாரண ஜனங்களின் வாய்க்கு வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இன்று ருமேனியர்கள் அத்திப்பழத்துக்குச் சொல்லும் ‘ஸ்மோக்கினா’ ஸ்லாவியரிடமிருந்து வந்த சொல். ஈரலுக்கு மட்டும் அவர்கள் இன்னமும் ‘ஃபிகாத்’ என்றே சொல்கிறார்கள்.