தமிழ் இணையப் பக்கங்களும் பொதுக் குறியேற்றமும்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் எனவும், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி எனவும் கூறுப. சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கு சேர்த்தற்குத் தொகுப்போனும் தொகுப்பிப்போனும் வேண்டப்பட்டமை இதனாற் புலனாம். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், நிரல் எழுதும் ஆர்வலர் தத்தமக்கென அமைத்த இணையப் பக்கங்கள், தொகுப்பிப்போர் எவரும் இன்றியே ஒரு கூட்டமாயின. அக்கூட்டம் தமிழில் எவ்வாறு கைகூடிற்று என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1993 ஏப்ரலில் செர்ன் ஆய்வகம் வையவிரிவு வலைக்குரிய மென்பொருளை யாவர்க்கும் பொதுவாக்கியது. பின்னர் ஜியோசிட்டீஸ் நிறுவனம் கட்டணமின்றிப் பக்கங்கட்கு இடமளித்து, கணினி பற்றியவற்றிற்குச் 'சிலிக்கான் வேலி', கல்வி பற்றியவற்றிற்கு 'ஏதென்சு' என ஊர்ப்பகுதிகள் போல் அவற்றைப் பிரித்தது. 1995-இல் சேஜ் வெயில் என்னும் அமெரிக்க இளைஞர் வலைவளையம் என்னும் அமைப்பினை உருவாக்கினார். ஒத்த பொருளுடைய பக்கம் ஒவ்வொன்றும் தனக்கு முன்னதையும் பின்னதையும் சுட்டி நின்றமையின், தொடர்ந்து செல்வோர் தொடங்கிய இடத்திற்கே மீள்வர். ஆங்கில எழுத்துகட்குக் குறியெண்கள் முன்பே பொதுவாக இருந்தமையின், அம்மொழிப் பக்கங்கட்கு இச்சுட்டே போதியதாயிற்று.

தமிழின் நிலை வேறு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். அவரது கணியன், மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஆக்கிய மயிலை, ஈழத்தமிழரிடைப் பெருகிய பாமினி ஆகியன ஒவ்வொன்றும் எழுத்துகட்கு வெவ்வேறு எண்களை அளித்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆகவே, சுட்டு வழியே ஒரு பக்கத்தை அடைந்த தமிழர், அதனைப் படிக்க அதற்குரிய எழுத்துருவையும் தேடி நிறுவ வேண்டியவராயினர்.

இக்குறையை உணர்ந்து, பல நாட்டு ஆர்வலரும் 1997 முதல் கலந்து ஆய்ந்து 'திஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி யாவர்க்கும் வழங்கிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையிலே நிகழ்ந்த மாநாட்டின் பின்னர்த் தமிழக அரசு 'தாம்', 'தாப்' என்னும் குறியேற்றங்களை ஏற்றது. அரசின் ஆணையே ஒருமையை விளைத்தது என்பார் உளராயின், அது பொருந்தாது. ஆர்வலர் திஸ்கியையும் அரசு பிறவற்றையும் பேணியமையால் பிளவு நீடித்தமை காண்க.

1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிக்கோடு, விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதனைத் தாங்கிய பின்னரே வழக்கிற் பரவிற்று. சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றி பழைய குறியேற்றங்களிலிருந்து அதற்கு வழி செய்தது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தனியார் பக்கங்களிற் புதியன தோன்றுந்தொறும் அவற்றின் தலைப்புகளைத் தானே திரட்டி ஓரிடத்திற் காட்டியது. பல்வேறு குறியேற்றங்களில் அமைந்த தலைப்புகளை ஒரு பக்கத்தில் நிரல்பட வைத்துப் படித்தல் அரிது. எழுத்துக் குறியெண் பொதுவானபின்னரே இத்தகைய திரட்டு எளிதாயிற்று. எனவே, தமிழ்ப் பக்கங்களை ஒரு கூட்டமாக்கியது சுட்டினும் குறியேற்றமே என்பது எம் துணிபு.

இதன் பயன் வரலாற்றளவில் நில்லாது. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, அதிலிருந்த பக்கங்களை நோக்கிய சுட்டுகளெல்லாம் வறிதாயின. மதுரைத் திட்டத்தின் நூல்களோ யூனிக்கோடு வடிவிற்கு மாற்றப்பட்டமையின் நிலைபெற்றன. இன்று சேர்வராயன் மலைமேற் கிளியூரில் இருப்பார் ஒருவர், லொசானில் இருப்பார் எழுதியதனை எழுத்துருத் தேடாமலே படிக்கின்றார். ஆயின், பழைய குறியேற்றங்களில் எஞ்சிய பக்கங்கள், அவற்றிற்குரிய எழுத்துரு மறையுமாயின், படியெடுத்து வைக்கப்பட்டிருப்பினும் படித்தற்கு அரியனவாம். ஏட்டுச்சுவடிகளைத் தேடிக் காத்த தமிழ்த்துறைகள், இப்பக்கங்களை அவற்றின் எழுத்துருக்களோடும், எண்-எழுத்து அட்டவணைகளோடும் சேர்த்துத் திரட்டுதல் கடனாகும். அட்டவணை வகுத்தோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றமையின், அப்பணிக்கு உரிய காலம் இதுவே.