பேட்ஜர் பிரஷ்ஷும் ஒரு உலகப் போரும்

ஷேவிங் பிரஷ்ஷுக்கெல்லாம் சரித்திரமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுவும் ரத்தம் கலந்த சரித்திரம். பிளேடு கீறி வரும் ரத்தத்தைச் சொல்லவில்லை, உயிரே போன கதை. நான் இப்போது குப்பை கொட்டிக் கொண்டிருக்கும் மைசூருக்கும் அந்தக் கதையின் ஓரத்தில் ஒரு இடம் உண்டு.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம்மூரில் பிரஷ் என்றால் நைலான். கொஞ்சம் காசு கூடினால் பன்றி முடி. ஐரோப்பாவில் உசத்தி என்று கொண்டாடுவது பேட்ஜர் முடியை. பேட்ஜர் என்பது நீர்நாய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். குட்டைக் கால், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழும் பிராணி. பிரெஞ்சு மொழியில் இந்த விலங்குக்கும் சவர பிரஷ்ஷுக்கும் ஒரே பெயர்தான், ப்ளேரோ.

அந்த முடிக்கு ஏன் இத்தனை மவுசு? ஒவ்வொரு முடியும் நுனியில் மெலிந்து, நடுவில் தடித்து இருக்கும். நுனி கன்னத்தில் மெத்தென்று படும், நடுப்பகுதி மடங்காமல் நிற்கும், கற்றைக்குள் தண்ணீர் நன்றாகத் தங்கும். தண்ணீர் தங்கினால்தான் நுரை நன்றாக வரும். நிறத்திலும் ஒரு அடையாளம் உண்டு. நுனி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் மறுபடி வெளுப்பு. இந்தக் கறுப்புப் பட்டையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. அதுவரை ரஷ்யா, சீனா பக்கமிருந்து வந்த முடியெல்லாம் ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகப் போகும். அங்கே சுத்தம் செய்து, கிருமி நீக்கி, தரம் பிரித்து, பிறகுதான் பிரஷ் செய்பவர் கைக்கு வரும். போர் அந்த வழியை அடைத்து விட்டது. தேவையோ எகிறியது. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்றால் தாடி இருக்கக் கூடாது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் தினமும் சவரம் செய்தாக வேண்டும். 1918-ல் அமெரிக்க அரசு ஜில்லெட்டிடமிருந்து வாங்கிய ரேசர் மட்டும் சுமார் 35 லட்சம். ரேசர் இருந்தால் பிரஷ்ஷும் வேண்டுமே!

பேட்ஜர் முடிக்கு எங்கே போவது? வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குதிரை முடி. ஆசியாவிலிருந்து கப்பலில் நேராக வந்து இறங்கியது. அதை வெளுக்க வைத்து, நடுவில் கறுப்பாகச் சாயம் ஏற்றி, 'இமிடேஷன் பேட்ஜர்' என்று பிரஷ் செய்தார்கள். பார்க்க அசல் போலவே இருக்கும். நடுவில் இருந்த சுத்தம் செய்யும் வேலை மட்டும் விட்டுப் போயிற்று. நன்றாக அவித்திருந்தால் கிருமி போயிருக்கும். ஆனால் அவித்தால் வெள்ளை முடி பழுத்து மஞ்சளாகி விடும், சரக்கு விலை போகாது.

அந்த முடியில் ஒட்டிக் கொண்டு வந்தது ஆந்த்ராக்ஸ். நம் ஊர்ப்பக்கம் ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய் என்பார்களே, அதேதான். இந்தக் கிருமி விதை போல ஒரு கூட்டுக்குள் சுருண்டு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது புதிய செய்தி இல்லை. ராபர்ட் காக் 1876-லேயே நிரூபித்துக் காட்டியது. வெந்நீரில் ஒரு முக்கு முக்கினால் அது சாகாது. சவரத்தில் சின்னதாக ஒரு கீறல் போதும். புது பிரஷ் வாங்கிச் சில நாளில் கன்னத்திலோ கழுத்திலோ ஒரு கொப்புளம், நடுவில் கரிக்கட்டை மாதிரி கறுப்பு, சுற்றிலும் வீக்கம். பென்சிலின் கண்டுபிடிப்பதற்கு (1928) பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தைய காலம் அது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாகச் சிப்பாய்கள், சாதாரண ஜனங்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, பலர் செத்தும் போனார்கள். பீரங்கிக்குத் தப்பியவன் பிரஷ்ஷுக்குப் பலியாவது என்ன கொடுமை!

பிரிட்டன் 1919-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதிக்குத் தடை. 1921-ல் லிவர்பூலில் அரசாங்கமே கிருமி நீக்கும் நிலையம் ஒன்றைத் திறந்தது. ரோமத்தையும் முடியையும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஃபார்மால்டிஹைடில் முக்கி எடுப்பார்கள். ஆக, யாரோ ஒருவர் எங்கோ சத்தமில்லாமல் செய்து கொண்டிருந்த வேலை நின்ற பிறகுதான் அந்த வேலையின் அருமை தெரிந்தது.

மைசூர் இங்கேதான் வருகிறது. அதே போர், அதே அடைபட்ட வழி, ஆனால் வேறு பொருள். மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டை அப்போது பெரும்பாலும் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். எண்ணெய் வடிப்பதெல்லாம் அங்கே. போர் வந்ததும் கட்டை இங்கே மலையாகத் தேங்கியது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் விஸ்வேஸ்வரய்யா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு வேதியியல் பேராசிரியர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைப் பரிசோதித்துத் தந்தார்கள். 1916-ல் மைசூரில் அரசு சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை வந்தது. பின்னாலேயே மைசூர் சாண்டல் சோப்பும் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வழி அடைபட்டதும் ஓரிடத்தில் நடுவில் இருந்த வேலையைக் கற்றுக் கொண்டார்கள். இன்னோரிடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சாயம் பூசினார்கள். ஒன்றில் நூறு வருடம் தாண்டி நிற்கும் ஒரு பெயர் கிடைத்தது. மற்றதில் கிடைத்தது கொப்புளம்.

சரி, இன்றைக்கு பேட்ஜர் பிரஷ் வாங்கலாமா? ஆன்லைனில் பார்த்தால் ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று நாலு ரகம் போட்டிருப்பான். இதில் வேடிக்கை, 'ப்யூர்' என்பதுதான் கடைசி ரகம்! நகைக் கடன் பார்க்கும் எனக்கு இது சிரிப்பாக வரும். தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது, விற்பவர் அல்லாத மூன்றாவது ஆள் உரசிப் பார்த்துப் போடும் முத்திரை. அது இருந்தும் எங்கள் அப்ரைசர் மறுபடி உரசித்தான் பார்ப்பார். பேட்ஜர் ரகங்களுக்குப் பொதுவான முத்திரை எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் சூப்பர் இன்னொரு கம்பெனியின் பெஸ்டாக இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி குத்தக் கூடாது. அழுத்தினால் படுத்துவிடாமல் நிமிர வேண்டும். இழுத்தால் முடி கையோடு வரக் கூடாது.

ஆபீஸ் நண்பர் ஒருவர், "இது நம்ம தரகரடி முடியா சார்?" என்று கேட்டார். இல்லை. கன்னடத்தில் தரகரடி என்பது ரேட்டல், அதாவது தேன் பேட்ஜர். மைசூருக்குக் கிழக்கே காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் தானியங்கி கேமராவில் சிக்கியது 2014-ல் செய்தியாக வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. பிரஷ் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் வேறு இன பேட்ஜருடையது. அங்கே அந்த விலங்குகளை நடத்தும் விதம் பற்றி 2018-ல் பீட்டா வெளியிட்ட வீடியோவுக்குப் பிறகு சில பெரிய கம்பெனிகள் பேட்ஜர் முடியைக் கைவிட்டன. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓவிய பிரஷ்ஷுக்காகக் கீரி முடி வியாபாரம் இங்கே சட்டவிரோதமாக நடந்து, 2019-ல் நாடு முழுக்க ரெய்டு போட வேண்டி வந்தது.

என் கட்சி செயற்கை இழை. இன்றைய நல்ல இழைகளில் நுனியை பேட்ஜர் மாதிரியே மெலிய வைக்கிறார்கள். நடுவில் கறுப்புப் பட்டை கூடப் போடுகிறார்கள்! அதே இமிடேஷன்தான், ஆனால் இதில் கிருமி வந்து ஒளிய மிருகம் இல்லை, சீக்கிரம் காய்ந்தும் விடும். அதுவே போதும் எனக்கு.

ஏற்கெனவே பேட்ஜர் பிரஷ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். புதிதில் மிருக வாடை அடித்தால் ஷாம்பு போட்டு நாலைந்து முறை அலசுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறட்டும், கொதிநீர் வேண்டாம், முடியைப் பிடித்திருக்கும் பசை விட்டுப் போகும். சோப்பில் லேசாகச் சுழற்றுங்கள், கன்னத்தில் நுனி மட்டும் பட்டால் போதும். முடிந்ததும் நன்றாக அலசி, உதறி, காற்றாட வையுங்கள். ஜூன் ஜூலை மழையில் மைசூரில் எதுவும் லேசில் காயாது, பாத்ரூம் அலமாரிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். ரோட்டோரம் பழைய காலத்துப் பிரஷ் என்று ஆசையாக ஏதாவது கிடைத்தால், எந்த முடி, எப்போது செய்தது என்று தெரியாத பட்சத்தில் ஷோகேஸில் வைத்து அழகு பாருங்கள். கன்னத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.