தீக்குத் தப்பிய பதினாறு

வரலாறு என்றதும் நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. மனிதன் செய்த பொருள்களுக்கும் பிறப்பு உண்டு, பயணம் உண்டு, கைமாறுதலும் சிதைவும் மீட்சியும் உண்டு. அவற்றை ஆராய்ந்து நிறுவுவதும் வரலாற்றுப் பணியே. ஓர் அரிய பந்தயக் காரின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, ஒரு பொருளின் மெய்க்கதையைத் தேடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கார் என்னும் பொருள் தமிழாசிரியர்க்குப் புறம்பானது எனச் சிலர் கருதலாம். இதில் அடங்கியுள்ள முறை நம் ஏட்டுச்சுவடி ஆராய்ச்சிக்கு எத்துணை நெருக்கமானது என்பது போகப் போக விளங்கும்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் ‘டி’ வகைப் பந்தயக் காரை உருவாக்கியது. விமானக் கட்டுமானத்தில் பயின்ற மால்கம் சேயர் என்னும் பொறியியலார் காற்றின் தடையைக் கணக்கிட்டு அதன் உடலை வடிவமைத்தார். பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து வென்றது அக்காரே. ஆயினும் வெற்றியின் நடுவிலேயே, 1956ஆம் ஆண்டின் இறுதியில், ஜாகுவார் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் பந்தயங்களில் ஈடுபடுவதை நிறுத்திக்கொண்டது. 1957ஆம் ஆண்டின் வெற்றி தனியார் குழுவொன்று ஈட்டித் தந்ததாகும்.

பந்தயம் நின்றது, ஆனால் விற்பனையாகாத ‘டி’ வகை வண்டிகள் தொழிற்சாலையில் எஞ்சிக் கிடந்தன. அவற்றுள் 25 வண்டிகளைச் சாலையில் ஓட்டத்தக்கனவாக மாற்றி விற்பது என்று நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்சு முடிவு செய்தார். ஓட்டுநர் தலைக்குப் பின்னிருந்த துடுப்புப் போன்ற பகுதி நீக்கப்பட்டது. இரண்டு இருக்கைகளுக்கும் இடையிலிருந்த தடுப்பு அகற்றப்பட்டது. உடன் பயணிப்பவர்க்கென ஒரு கதவு திறக்கப்பட்டது. முழு அகலக் கண்ணாடியும், மடக்கும் கூரையும், பயணப் பெட்டி வைக்கும் சட்டமும் பொருத்தப்பட்டன. இயந்திரம் மட்டும் பந்தயக் காரினதே: ஆறு உருளைகள், 3442 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ 250 குதிரைத் திறன். புலியைப் பிடித்து வந்து பூனையின் மணியைக் கட்டியதுபோல் அமைந்த இவ்வண்டிக்கு ‘எக்ஸ்கேஎஸ்எஸ்’ எனப் பெயரிட்டனர்.

1957ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. மாற்றத்திற்கெனக் காத்திருந்தவற்றுள் 9 வண்டிகள் எரிந்து போயின. அவ்வகை வண்டியைச் செய்வதற்குரிய கருவிகளும் அழிந்தன. முழுமை பெற்று வெளியேறியவை 16 மட்டுமே. அவற்றுள் 12 அமெரிக்காவுக்கும், 2 கனடாவுக்கும், ஒன்று ஹாங்காங்குக்கும் சென்றன. ஒன்று இங்கிலாந்திலேயே தங்கியது.

இனி நம் ஆராய்ச்சி தொடங்குகிறது. ஹாங்காங்குக்குச் சென்ற அந்த ஒற்றைக் காரின் தடத்தைக் கீழை நாடுகளில் எங்ஙனம் கண்டறிவது?

மக்காவ் நகரத் தெருக்களில் 1954ஆம் ஆண்டு முதல் மோட்டார் பந்தயம் நடந்து வருகிறது. ஹாங்காங்கிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீரர்கள் கப்பலேற்றிய வண்டிகளோடு அங்குச் சென்று போட்டியிட்டனர். 1958ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த சான் லை சூன் ஆஸ்டன் மார்ட்டின் காரில் வென்றார். அதற்கு அடுத்த ஆண்டில் வென்றவர் ரான் ஹார்ட்விக். 1960இல் வென்றவர் மார்ட்டின் ரெட்ஃபெர்ன். இவ்விருவரும் ஓட்டிய வண்டி யாது? ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் என்றே வெற்றிப் பட்டியல் கூறுகிறது.

ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆவணங்கள் இங்கே நம் கையில் உள்ளன. ஒன்று, தொழிற்சாலையின் அனுப்புகைப் பட்டியல். மற்றொன்று, பந்தயத்தின் வெற்றிப் பட்டியல். ஹாங்காங்குக்கு ஒரே கார் சென்றது என்கிறது முன்னது. ஹாங்காங்கின் அண்டையிலேயே, அடுத்தடுத்த ஈராண்டுகளில், இருவேறு வீரர்கள் அவ்வகைக் காரில் வென்றனர் என்கிறது பின்னது. இரண்டையும் சேர்த்து நோக்குங்கால், அவ்விரு வெற்றிகளும் ஒரே காருக்கு உரியவை என்று கருதுவது இயல்பு. ஆனால் நல்லாசிரியன் இவ்விடத்தில் மாணவனைச் சற்றே நிறுத்த வேண்டும். இது அனுமானம், சான்று அன்று. காரின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும், பந்தயத்திற்கு முன் வண்டியைச் சோதித்தோர் குறித்த எண்ணும் ஒத்திருந்தால்தான் அனுமானம் முடிவாகும். புகை கண்டு நெருப்பை ஊகிக்கலாம். ஊகத்தையே நெருப்பென்று எழுதிவிடலாகாது.

பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். 1962ஆம் ஆண்டின் ‘மலேசிய கிராண்ட் பிரீ’ எங்கு நடந்தது என்று கேட்டால், கோலாலம்பூர் என்றோ ஷா ஆலம் என்றோ மாணவர் விடையிறுக்கக்கூடும். அது நடந்தது சிங்கப்பூரின் தாம்சன் சாலையில். மலேசியா என்னும் நாடு உருவானதோ 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள்; பந்தயத்தின் பெயர் நாட்டுக்கு முந்தியது! சிங்கப்பூர் தனி நாடான பின், 1966 முதல் அதே பந்தயம் ‘சிங்கப்பூர் கிராண்ட் பிரீ’ ஆயிற்று. 1962இல் அங்கு வாகை சூடியவர் யோங் நாம் கீ. அவர் ஓட்டியது ஜாகுவார் ‘இ’ வகைக் கார். அதன் உடலை வடிவமைத்தவரும் மால்கம் சேயரே. ஆக, மக்காவில் வென்ற வண்டியின் தம்பி முறையானது நம் வட்டாரத்தில் வென்றது எனலாம்.

பொருளின் உடல், அதன் பதிவு, அதனைக் கண்டோர் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே ஒரு காரின் மரபை நிறுவுகின்றனர். உடல் என்பது அடிச்சட்ட எண், இயந்திர எண், பற்றவைப்புத் தழும்பு முதலியன. பதிவு என்பது தொழிற்சாலைப் பேரேடும், நாம் மலாயில் ‘கெரான்’ என்று வழங்கும் உரிமைச் சான்றும். குறிப்பு என்பது செய்தித்தாள், பந்தய நிரல், நிழற்படம் போல்வன. எக்ஸ்கேஎஸ்எஸ் காரில் இவ்வொப்பீடு மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் அது ‘டி’ வகையாகப் பிறந்து, வேற்றுருவும் வேற்றெண்ணும் பெற்ற வண்டி. மேலும், பிற்காலத்தில் இரண்டு ‘டி’ வகைக் கார்களை அந்நிறுவனமே எக்ஸ்கேஎஸ்எஸ் வடிவுக்கு மாற்றித் தந்தது. அங்ஙனமாயின் மொத்த எண்ணிக்கை 16ஆ, 18ஆ? விடை, ‘எக்ஸ்கேஎஸ்எஸ் என்பது யாது?’ என்னும் இலக்கணத்தைப் பொறுத்தது.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. 2016ஆம் ஆண்டில் ஜாகுவார் நிறுவனம், தீயில் அழிந்த 9 கார்களுக்கு ஈடாக 9 புதிய கார்களைச் செய்யப்போவதாக அறிவித்தது. 1957ஆம் ஆண்டு வண்டிகளை நுணுக்கமாக அளந்து, பழைய முறைப்படியே அவற்றைச் செய்தனர். ஒவ்வொன்றின் விலையும் பத்து இலட்சம் பவுனுக்கு மேல். வடிவம் அதுவே, செய்தவரும் அந்நிறுவனத்தாரே. எனினும் அவை மூலமா, படியா? அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் 1980இல் மறையும்வரை போற்றி வைத்திருந்த 713ஆம் எண் காரின் நிறத்தை அவரே வெண்மையிலிருந்து கரும்பச்சைக்கு மாற்றினார். நிறம் மாறிய அந்தக் கார் மூலம் எனப்படுகிறது. இம்மியும் மாறாத புதிய கார் படி எனப்படுகிறது. காரணம் யாது? முன்னதற்கு அறுபடாத வரலாறு உண்டு. பின்னதற்கு வடிவம் மட்டுமே உண்டு.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு உ. வே. சாமிநாத ஐயர் நினைவுக்கு வராமலிரார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், பல ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, எழுதுவோர் சேர்த்ததையும் விட்டதையும் பிரித்தறிந்தார். ஏடு யார் வீட்டிலிருந்து வந்தது என்பதும் அவருக்குச் சான்றாயிற்று. அச்சட்டத்தின் எண்ணைத் தேடுவோனும் ஏட்டின் பாடத்தைத் தேடுவோனும் ஒரே அறத்தைப் பின்பற்றுகின்றனர்: கிடைத்ததைக் கூறு, கிடையாததைப் புனையாதே.

இனி நம்மை நோக்குவோம். 1985ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை, பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்குச் சென்ற கார்கள் நம் பட்டர்வொர்த் படகுத்துறையில்தான் ஃபெரி ஏறின. இன்றைய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. ஒரு தலைமுறை கழியுமுன் அந்த வழக்கமே நினைவாகிவிட்டது. அந்நாளைய சீட்டும் படமும் எத்தனை வீடுகளில் எஞ்சியுள்ளன?

இதனினும் வருந்தத்தக்கது நம் பள்ளிகளின் நிலை. தோட்டங்கள் கைமாறியபோது தமிழ்ப்பள்ளிகள் பல இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. சேர்க்கைப் பதிவேடுகளும் நாட்குறிப்புகளும் கறையானுக்கும் பழைய தாள் வணிகர்க்கும் போயின. இங்கிலாந்தில் தீக்குத் தப்பிய 16 கார்களும் எந்நாட்டுக்குச் சென்றன என்று இன்றும் கூற முடிகிறது. ஒரு தோட்டப் பள்ளியில் முதன்முதல் சேர்ந்த 16 பிள்ளைகளின் பெயரை நம்மால் கூற முடியுமா? இரும்புக்குக் கிடைத்த மதிப்பு எழுத்தறிந்த முதல் தலைமுறைக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு பயிற்சி தாருங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை, பாட்டனாரின் மிதிவண்டியாயினும் பாட்டியின் தையற்பொறியாயினும், தேர்ந்தெடுக்கட்டும். அதன் எண்ணைக் குறிக்கட்டும். வாங்கிய சீட்டைத் தேடட்டும். அறிந்த முதியோரைக் கேட்டு, மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதட்டும். அவ்வாறு பழகிய கை, நாளை தன் பள்ளியின் பதிவேட்டைக் குப்பையில் எறியாது.